தேன் பதத்தில் ஒரு காபி

இன்று காலை சர்க்கரை என்று நினைத்து வேறொரு டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் அள்ளிக் காபியில் போட்டுவிட்டேன். கலக்கும்போதுதான் தெரிந்தது. ஸ்பூன் சுற்றச் சுற்றக் கனத்தது. மேலே நுரை நகராமல் நின்றுவிட்டது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உன்னுடையது. உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி என் கையில் கொடுத்து அனுப்பிய, நீ குடிப்பதையெல்லாம் கெட்டியாக்கக் கலந்ததில் பாதி மீந்த மாவு. “வேற பேஷண்ட்டு யாருக்குனா ஆவும் அண்ணே, எடுத்துனு போங்க” என்றாள். எட்டு மாதமாக அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நேற்று கரப்பான்பூச்சி மருந்து அடிக்க எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினேன். அதில் முன்னால் வந்துவிட்டது.

வாசனை கிடையாது, ருசி கிடையாது என்று டப்பாவின் மேல் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். உண்மைதான். காபியின் வாசனைதான் வந்துகொண்டிருந்தது. கொட்டிவிடலாம் என்று தொட்டி வரைக்கும் கொண்டுபோனேன். கொட்டவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதுவது? என் மனைவி பெங்களூரில் மகளோடு இருக்கிறாள். இரண்டு மாதம் என்று போனவள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த அடுக்ககத்தில் என்னிடம் பேசுகிற ஒரே மனிதர் சங்கச் செயலாளர். அவரும் நான் எங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்பதைத்தான் பேசுவார். ஒருநாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போய்க் குரல் வராமல் கனைத்திருக்கிறேன். பேச்சுக்கு வைத்தியம் படித்தவன் நான்.

சான்றிதழ் போன வாரம் வந்தது. கூரியரில் வந்ததைக் காவலாளி வாங்கி டிராயரில் போட்டுவிட்டு மறந்துபோய், மூன்று நாள் கழித்துக் கொடுத்தார். பேச்சு, மொழி, விழுங்குதல் குறைபாடுகளுக்கான சிகிச்சையில் முதுகலைப் பட்டம். ஓரத்தில் சிலுவை பொறித்த முத்திரை. கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். அந்த ஊரை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டரை வருஷம் காலை ஐந்தரை மணிக்கு, மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து வாங்கியது. இதை வைத்து இங்கே தனியாகத் தொழில் செய்ய முடியாது, அதற்கு இங்கே பதிவு வேண்டும், அது வேறு கதை என்று பாதியில்தான் புரிந்தது. எனக்கு எதுவும் இப்படித்தான் முடியும். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

ஏன் சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியும். ஒரே கல்லூரியில் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு மாணவனின் மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லி முதல்வர் வந்தபோது, துறை அறையில் நானும் நீயும் மட்டும்தான் இருந்தோம். முடியாது என்றேன். அடுத்த மாதமே மதிப்பெண்ணில் விளையாடினேன் என்று என்மேலேயே விசாரணை வந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “முதல்வர் அப்படி ஏதாவது சொன்னாரா?” நீ மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு ஞாபகம் இல்லை சார்” என்றாய். என் வேலை போனது. ஆறு மாதத்தில் நீ துறைத் தலைவர்.

அதன் பிறகு ஆறு வருஷம் நாம் பேசவில்லை. அந்த ஆறு வருஷத்தில் வீட்டில் பாடம் எடுத்தேன், பிழை திருத்தினேன், மொழிபெயர்த்தேன். எல்லோரிடமும் உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் என் மனைவி பெங்களூர் போனாள் என்று நினைக்கிறேன். மொழியியல் படித்தவனுக்கு வேறு என்ன தெரியும்? ஒலி தெரியும், நாக்கு எங்கே தொடும் என்று தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் எங்கள் நம்பிக்கையை மதிப்பீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. மதிப்பேன் என்று கட்டத்தில் குறியிட்டேன். அப்போது எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. அதனால் மதிப்பது சுலபமாக இருந்தது.

உனக்குப் பக்கவாதம் வந்த சேதி உன் மனைவி போன் செய்துதான் தெரிந்தது. “அண்ணே, நீங்க ஏதோ இதுக்குதான் படிக்கிறீங்களாமே? அவரு பேசறது யாருக்கும் புரியல அண்ணே. தண்ணி குடிச்சாக்கூட புரை ஏறிக்கினே கீது.” நான் வருகிறேன் என்றேன். இரக்கத்தில் சொன்னேன் என்று அவள் நினைத்தாள். எனக்கு அப்போது நோயாளிகளோடு இருந்ததாகக் காட்ட மணிநேரங்கள் தேவைப்பட்டன. அடையாறில் ஒரு சின்ன கிளினிக்கில், என் மகள் வயதுள்ள சிகிச்சையாளரின் மேற்பார்வையில்தான் என் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. உன்னை அங்கே பதிந்தேன். அந்தப் பெண் உன்னைப் பரிசோதித்துவிட்டு, தண்ணீர், காபி, ரசம் எதுவும் அப்படியே கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்றாள். எல்லாவற்றையும் மாவு கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாரம் மூன்று நாள் நான் உன் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க வேண்டும். புதன்கிழமை அவளும் வருவாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் உன் வீட்டுக்குக் கீழே லேத் பட்டறை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நீ வாயைக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்து முதல் வாக்கியம் பேசினாய். குழறியது. ஆனால் எனக்குப் புரிந்தது. உன் பேச்சைப் பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டவன்.

“இன்னா மச்சி. கடசீல நீ எனுக்கு எச்.ஓ.டி. ஆயிட்ட.”

நான் சிரிக்கவில்லை. “நிமிர்ந்து உக்காரு. மோவாய நெஞ்சுப் பக்கமா எறக்கு. இப்ப முழுங்கு” என்றேன். நீ மோவாயை இறக்கி, மாவு கலந்த காபியை ஒரு வாய் விழுங்கினாய். முகத்தைச் சுளித்தாய்.

“இன்னாடா இது? இத வெச்சி செவுத்துல போஸ்டர் ஒட்லாம்.”

“தேன் பதம்.”

“தேனா? எலெக்சன் டைம்ல பக்கெட்டு பக்கெட்டா காச்சி ஊத்திகிறேன் மச்சி. எனுக்குத் தெரியாதா? இது பசை. உள்ள எறங்கவே மாட்டேங்குது, தொண்டையில குந்திக்கினு வாடக கேக்குது.”

கதவருகே நின்றிருந்த உன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தார்கள் என்பது அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. நான் படிவத்தில் எழுதினேன்: ஐந்து மில்லி, இருமல் இல்லை.

அந்த நாலு மாதத்தில் நீ ஒரே ஒருமுறைதான் பழைய விஷயத்தை எடுத்தாய். நாக்கை மேலே தூக்கும் பயிற்சிக்கு நடுவில், நான் கேட்காமலே. “அன்னிக்கி நான் வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் ரோட்ல நின்னிருப்போம். எனுக்கு ரெண்டு பொண்ணு கீது. உனுக்கு உங்கப்பா வூடு இருந்துச்சி மச்சி.” நான் கையைக் காட்டி, “பேசாத. நாக்கத் தூக்கு. பத்து எண்ணு” என்றேன். நீ நாக்கைத் தூக்கினாய். வாய்க்குள் பத்து வரைக்கும் எண்ணினாய். மறுபடி அதைப் பேசவே இல்லை. நீ சொன்னது சரிதான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா மயிலாப்பூர் வீட்டை விற்றதில் வந்த பங்கில்தான் இந்த ஃபிளாட்டில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மயிலாப்பூர் வீட்டுக்கு நீ முதன்முதலில் வந்தது எம்.ஏ. முதல் வருஷத்தில். கோட்டூர்புரத்தில் ஆற்றோரத்து ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வந்தாய். அம்மா காபி கொடுத்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் தூக்கித்தான் குடிப்போம். டம்ளரில் உதடு படக் கூடாது. நீ எங்களைப் பார்த்துவிட்டு நீயும் தூக்கினாய். பாதிக் காபி சட்டைக் காலரில் போனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “அந்த டம்ளர ஜன்னல்லயே வெச்சுடச் சொல்லுடா, நான் அப்பறமா அலம்பிக்கறேன். நீங்க பேசிண்டு இருங்கோ.” ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள். அடுத்த முறையும் அதே டம்ளர். அதற்கடுத்த முறையும். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். நீ குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஜன்னலில் வைக்கப் பழகிவிட்டாய். நான் ஒருநாளும் எதுவும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்குப் பழகிய பழக்கம் உன்னை விடவில்லை. டீக்கடைக் கண்ணாடிக் கிளாசைக்கூடத் தூக்கிக் குடிப்பாய். உன் வீட்டிலும் அப்படித்தான். உன் கல்யாணமான புதிதில் உன் மனைவி உன்னைக் கேலி செய்தது எனக்கு நினைவிருக்கிறது. “இன்னா, மயிலாப்பூர் மாப்ளயா நீ? வாய வெச்சித்தான் குடியேன்யா.”

நீ படுத்த மூன்றாவது மாதம் பல்கலைக்கழக வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மாணவர்கள் ஒருநாள் முழுக்கக் காபி, தண்ணீர் எல்லாவற்றையும் மாவு கலந்து தேன் பதத்தில் மட்டுமே குடிக்க வேண்டும். நோயாளி படும் பாட்டைத் தானும் பட்டு, அதை ஒரு பக்கம் எழுத வேண்டும். நான் குடிக்கவில்லை. அன்று காலை நல்ல டிகாக்ஷன் இறங்கியிருந்தது. சூடாக, மாவு கலக்காத காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். எழுத எனக்கு என்ன கஷ்டம்? நீ சொன்னதெல்லாம் இருந்ததே. சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்று நினைத்தேன் என்று எழுதினேன். தொண்டையில் உட்கார்ந்து வாடகை கேட்கிறது என்று எழுதினேன். எல்லாம் என் அனுபவமாக.

பேராசிரியை உருகிவிட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினார். வெள்ளைத் தலை, எப்போதும் நீல ஸ்வெட்டர், வகுப்பை ஜெபத்தோடுதான் தொடங்குவார். நான் எழுதியதன் கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்: இவ்வளவு உணர்ந்த நீங்கள், உங்கள் நோயாளி தனக்குப் பிடித்தமான ஒன்றை ஒரே ஒரு வாய் கொடுக்கச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் பதில் எழுதினேன். என் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்வேன். ஆபத்தை அவருக்கும் குடும்பத்துக்கும் விளக்குவேன். நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில் தருவேன். தந்துவிட்டு எழுந்து போகமாட்டேன், பக்கத்தில் இருப்பேன். முழு மதிப்பெண்.

அதே வாரம், திங்கட்கிழமை, நீ கேட்டாய்.

“உங்க வூட்ல எனுக்குன்னு ஒரு டம்ளர் இருந்துச்சே. விளிம்பு நசுங்கினது. கீதா இன்னும்?”

“இருக்கு.”

“அதுல ஒரு காபி கொண்டாந்து குடு மச்சி. உங்கம்மா போடற மாதிரி. மாவு கீவு வாணாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். “வாய் வெச்சே குடிக்கிறேன். தூக்கிக் குடிச்சாதான புரை ஏறும்?”

சொல்லிவிட்டு, அசையாத பக்கத்து உதட்டையும் இழுத்துக்கொண்டு சிரித்தாய். இத்தனை வருஷத்தில் நீ அந்த டம்ளரைப் பற்றிப் பேசியது அன்றுதான். நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“குடுக்கக் கூடாது” என்றேன். “அது ரூல்.”

“ஒரே வாய்டா.”

“ஒரு வாய்லயே நிமோனியா வரும். வந்தா யார் பதில் சொல்றது?”

நீ என்னையே பார்த்தாய். “வுடு. ஒரு மார்க்கே போட மாட்டேன்னவன், காபியா போட்டுத் தரப்போற?” என்றாய். கோபம் இல்லை. என்னைத் தெரிந்தவன் சொல்கிற கேலி. எனக்கு அது உள்ளே எங்கோ இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் இல்லை என்றேன். ஆறு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

விதி விதிதான் என்று இன்றும் வாதாடலாம். எவனும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் புதன்கிழமை அந்தப் பெண் வந்தாள். உன்னைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். “ஏதாவது ஆசைப்பட்டுக் கேட்டாரா சார்? கேட்டா சொல்லுங்க. நான் இருக்கும்போது ரெண்டு ஸ்பூன் குடுத்துப் பாக்கலாம். இப்ப முன்னைவிட நல்லாவே முழுங்கறார்.” கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. நான் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“இல்லம்மா. ஒண்ணும் கேக்கல.”

பத்து நாளில் நீ போனாய். இரண்டாவது தாக்குதல், மூளையில். புரை ஏறவில்லை, நிமோனியா இல்லை. நெஞ்சு சுத்தமாக இருந்ததாம். அந்தப் பெண் எனக்கு ஆறுதலாக அதைச் சொன்னாள். “லங்ஸ் கடைசி வரைக்கும் கிளியரா இருந்துது சார். நீங்க அவ்ளோ கவனமா பாத்துக்கிட்டீங்க.”

அந்த வாரமும் வகுப்பு இருந்தது. தொடங்கும் முன் யாருக்காவது ஜெபிக்க வேண்டுமா என்று பேராசிரியை கேட்பார். ஒருவர் பாட்டிக்கு இடுப்பு எலும்பு, ஒருவர் தம்பிக்கு வேலை. நான் இரண்டு வருஷமும் ஒன்றும் கேட்டதில்லை. அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டது. ஒரு நண்பன் இறந்துவிட்டான் என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். அவர் உன் பெயரை மூன்று துண்டாக உடைத்து, கவனமாகச் சேர்த்து, கண்ணை மூடிச் சொன்னார். பதினோரு கட்டங்களில் பதினோரு பேர் தலை குனிந்தார்கள். உன்னைப் பார்த்தே இராதவர்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து திரையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் அதுவும் ஒரு அசைன்மென்ட் ஆகிவிடும். நீ அன்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீ பயந்ததற்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். அந்தப் படிக்கட்டில் எனக்கு யார் இருந்தார்கள்? நான் யாருக்குப் பயந்து பொய் சொன்னேன்?

இதை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. மாவு நேரம் ஆக ஆக இறுகும். இப்போது தேன் பதம்கூட இல்லை, கூழ். இன்று காலை மற்ற டம்ளர்கள் தொட்டியில் கிடந்தன, கைக்கு அகப்பட்டது உன் டம்ளர்தான். அம்மா போன பிறகு அவள் பாத்திரங்களோடு வந்தது. இந்த வீட்டிலும் அதை நான் சமையலறை ஜன்னலில்தான் வைத்திருந்தேன். ஏன் என்று என்னையே கேட்டதில்லை. ஜன்னலில் இருந்ததால்தான் அது மட்டும் சுத்தமாக இருந்தது.

தூக்கிப் பார்த்தேன். கவிழ்த்தாலும் விழவில்லை. வாய் வைத்துத்தான் ஆக வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். நசுங்கின பக்கத்தில் உதட்டை வைத்தேன். மோவாயை நெஞ்சுப் பக்கமாக இறக்கினேன். விழுங்கினேன்.

நீ சொன்னது சரி. பசைதான். சர்க்கரையும் இல்லாத பசை. ஒவ்வொரு வாயும் தொண்டையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. முடிக்க அரை மணிநேரம் ஆயிற்று. அடியில் ஒட்டியதை ஸ்பூனால் வழித்தேன்.

பதினோரு மணிக்கு அடையாறு கிளினிக்கில் ஒரு பெரியவர் வருகிறார். இப்போது அங்கே நான் அந்தப் பெண்ணுக்கு உதவியாளன். அவர் போனதும் அவள் கேட்பாள், எல்லா நோயாளிகளைப் பற்றியும் கேட்பது போல: ஏதாவது ஆசைப்பட்டுக் கேட்டாரா சார்? எட்டு மாதமாக அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டும் லேத் சத்தமும்தான். இன்று அவருடைய பதிலைச் சொன்ன பிறகு உன்னுடையதையும் சொல்லப்போகிறேன். ஆமாம் அம்மா, கேட்டார். காபி. நான்தான் உங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அங்கே வைத்துக்கொள்வாளா என்று தெரியாது.

கிளம்ப வேண்டும். தொட்டியில் கிடந்தவற்றை எல்லாம் கழுவினேன். உன் டம்ளரையும் கழுவி, மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.